போருக்கு முன் ஜெர்மன் வணிகக் கப்பல்களில் பிரிட்டிஷ் கடற்படை எதைத் தேடியது?

கேள்வி இதுதான்: 1914-க்கு முன் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறை ஜெர்மன் வணிகக் கப்பல்களைக் கண்காணித்தது என்கிறார்களே, பயணிகளும் சரக்கும் ஏற்றிப் போகும் கப்பலில் பார்க்க என்ன இருக்கிறது, பார்த்ததால் பயன் உண்டா, அது ஒற்றுவேலைதானே? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இன்று வணிகக் கப்பலாக நிற்பது நாளை போர்க்கப்பலாக மாறுமா என்பதைக் கரையில் நின்று பார்த்துச் சொல்லிவிட முடியுமா? மாறத் தகுதியானதா என்பதை ஓரளவு சொல்லலாம். மாறுமா என்பதைச் சொல்ல முடியாது. அன்றைய கண்காணிப்பின் பலமும் பலவீனமும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

பிரிட்டன் ஏன் இவ்வளவு பயந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தான் தின்னும் கோதுமையில் பெரும்பகுதியை அது கடல் வழியாக வாங்கிக்கொண்டிருந்தது. 1897-இல் ஜெர்மனியின் நார்ட்டாய்ச்சர் லாயிட் கப்பல் நிறுவனத்தின் 'கைசர் வில்ஹெல்ம் டெர் குரோசே' 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அதைத் துரத்திப் பிடிக்கக்கூடிய க்ரூசர்கள் (வேகமான போர்க்கப்பல்கள்) பிரிட்டனிடம் அதிகம் இல்லை. இத்தகைய நான்கைந்து கப்பல்களில் பீரங்கி ஏற்றிக் கடலில் விட்டால் என்ன ஆகும் என்ற கணக்கில்தான் எல்லாம் தொடங்கியது. 1903-இல் பிரிட்டிஷ் கப்பல் நிறுவனமான குனார்டுக்கு 26 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, 24 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் 'லூசிடானியா', 'மாரிடானியா' ஆகிய இரண்டையும் கட்டவைத்ததில் இந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய பீரங்கிகளும் அதிக வேகமும் கொண்ட பிரிட்டனின் பேட்டில்க்ரூசர்கள் பிறந்ததற்கும் இதே பயம்தான் காரணம் என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அதை எல்லோரும் ஏற்கவில்லை. அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டமும் ஓர் ஓட்டையை விட்டுவைத்திருந்தது. 1907-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டின் ஏழாவது ஒப்பந்தம், வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்றுவதற்கான நிபந்தனைகளை வகுத்தது: அரசின் நேரடிக் கட்டுப்பாடு, போர்க்கப்பலுக்குரிய வெளி அடையாளம், அரசு நியமித்த தலைவர், இராணுவ ஒழுங்குக்கு உட்பட்ட மாலுமிகள், மாற்றியதைப் போர்க்கப்பல் பட்டியலில் அறிவித்தல். ஆனால் அந்த மாற்றத்தை நடுக்கடலில் செய்யலாமா என்ற கேள்வியில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அதைத் தீர்க்காமலே விட்டார்கள். அதாவது, நியூயார்க்கிலிருந்து சாதாரணக் கப்பலாகக் கிளம்பி, மூன்றாம் நாள் போர்க்கொடி ஏற்றினால் அது குற்றம் என்று சொல்ல எழுத்தில் எதுவும் இல்லை. அதனால்தான் உலகெங்கும் துறைமுகங்களில் நிற்கும் ஒவ்வொரு ஜெர்மன் கப்பலும் கவனிக்க வேண்டியதாயிற்று.

இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஒற்றர்கள் அல்ல. காப்பீட்டுத் தொழிலுக்காக லாயிட்ஸ் அமைப்பு துறைமுகம்தோறும் ஏஜென்ட்களை வைத்திருந்தது. முக்கியக் கடல்முனைகளில் அதன் சமிக்ஞை நிலையங்கள் இருந்தன; கடந்துபோகும் கப்பல் நான்கெழுத்துக் கொடி வரிசையால் தன்னை அறிவிக்கும், நிலையம் நேரத்தைக் குறித்துத் தந்தி அடிக்கும். இவர்களோடு பிரிட்டிஷ் கான்சல்கள் (துணைத்தூதர்கள்), நிலக்கரி வியாபாரிகள், துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்தும் பைலட்கள், எதிர்த்திசையில் வரும் பிரிட்டிஷ் கப்பல்களின் கேப்டன்கள் என்று பெரிய கூட்டம் உண்டு. கொழும்பு போன்ற இடங்களில் இருந்த கடற்படையின் உளவு மையங்கள் தத்தம் கடற்பகுதியிலிருந்து வரும் செய்திகளைத் தொகுத்து லண்டனுக்கு அனுப்பின. கடலடித் தந்திக் கம்பிகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் நிறுவனங்களின் கையில் இருந்தது இதற்கு முதுகெலும்பு. சேகரித்த செய்தியோ மிகச் சாதாரணமானது: கப்பலின் பெயர், எந்தத் துறைமுகம், எப்போது வந்தது, எப்போது போனது, அடுத்து எங்கே. இந்த நான்கைந்து விவரங்களைத் தேதிவாரியாக அடுக்கினால், எந்தக் கப்பல் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும்; இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் அதுவும் தெரியும். இரகசிய ஆவணங்களைவிட இந்தச் சலிப்பூட்டும் பட்டியலுக்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

இனி கப்பலையே பார்ப்பது. முதலில் வேகம். கப்பல் நிறுவனம் விளம்பரத்தில் போடும் வேகத்தையும் சோதனை ஓட்ட வேகத்தையும் நம்பக் கூடாது. அடிப்பகுதி சுத்தமாக, பொறுக்கியெடுத்த நிலக்கரியோடு, சில மணிநேரம் ஓட்டிக் காட்டியது அது. இரண்டு கலங்கரை விளக்கங்களைக் கடந்த நேரத்தை எடுத்து, இடைத் தூரத்தை வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். 30 கடல் மைலை 1 மணி 40 நிமிடத்தில் கடந்தால் 18 நாட். இதில் வழக்கமாக நேரும் பிழை நீரோட்டத்தை மறப்பது. 2 நாட் ஓட்டம் கூடவே வந்தால் அது 16 நாட் கப்பல்தான். எதிர்த்து வந்தால் 20 நாட். ஒரே தடத்தில் இரண்டு திசைகளிலும் எடுத்த நேரங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் எண் நம்பத்தக்கது.

அடுத்தது மேல்தளம். பீரங்கி சுடும்போது பின்னால் உதைக்கும். பயணிகள் நடக்க அமைத்த தளம் அந்த உதையைத் தாங்காது. எனவே போர்க்காலப் பயனை மனத்தில் வைத்துக் கட்டிய கப்பலில், பீரங்கி நிற்கப்போகும் இடத்தின் கீழே தடித்த தகடும் கூடுதல் தாங்குதூண்களும் இருக்கும். தளத்தில் போல்ட் இறங்கும் துளைகள் வட்ட வரிசையில் இருக்கும். சமாதான காலத்தில் மரக் கட்டையால் அடைத்து மூடியிருப்பார்கள். பலகைகளின் நீளவாட்டு வரிசை ஓரிடத்தில் வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டுப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அந்த இடத்துக்கு நேரே பக்கக் கைப்பிடியோ தடுப்புச் சுவரோ மடியும்படி இருக்கிறதா, சுடும் கோணத்தை உயிர்காப்புப் படகுகள் மறைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்முனையும் பின்முனையும்தான் பெரும்பாலும் சந்தேகத்துக்குரிய இடங்கள், ஏனென்றால் அங்கேதான் நாற்புறமும் மறைப்பு குறைவு. உள்ளே போக வாய்த்தால் இன்னும் இரண்டு விஷயங்கள்: சுக்கான் இயந்திரம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா, கொதிகலன் அறைகளின் இருபுறமும் நிலக்கரி அறைகள் கவசம்போல் அணைத்திருக்கின்றனவா. வணிக வசதிக்காக மட்டும் கட்டிய கப்பலில் சுக்கான் இயந்திரத்தைக் கீழே புதைக்க அவசியம் இல்லை.

ஆனால் இதில் ஏமாறுவதும் எளிது. சரக்குத் தூக்கும் கனமான வின்ச்சுக்கும் (சுழல் உருளை) டெரிக்குக்கும் (தூக்குக் கம்பம்)கூடத் தளத்தை வலுப்படுத்துவார்கள். ரயில் எஞ்சின், கொதிகலன் போன்ற பெருஞ்சரக்கு ஏற்றும் கப்பலில் தாங்குதூண்கள் நெருக்கமாக இருப்பது இயல்பு. மடியும் கைப்பிடி ஏணிப்பாலம் இறக்குவதற்காகவும் இருக்கலாம். கொடியை வைத்து முடிவு கட்டியவர்களும் உண்டு. கடற்படை ரிசர்வ் (போர் வந்தால் அழைக்கப்படும் துணைப்படை) அதிகாரி தலைவராக இருக்கும் ஜெர்மன் வணிகக் கப்பல், இரும்புச் சிலுவை பொறித்த வணிகக் கொடியைப் பறக்கவிட அனுமதி இருந்தது. பார்த்தவுடன் மிரட்டும் அடையாளம்தான். ஆனால் அது அந்தத் தலைவரின் தகுதியைச் சொல்கிறதே தவிரக் கப்பலின் நோக்கத்தை அல்ல. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களிலும் ரிசர்வ் அதிகாரிகள் நீலக் கொடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் கட்டாய இராணுவ சேவை இருந்ததால், எந்தக் கப்பலில் ஏறினாலும் கடற்படையில் பணியாற்றிய மாலுமிகள் இருந்தே தீர்வார்கள். அவர்களை எண்ணி அறிக்கை எழுதுவதால் எதுவும் நிரூபணமாகாது.

எடை பற்றிய கணக்கு இதைவிடத் திடமானது. கப்பலின் முன்முனையிலும் பின்முனையிலும் ஆழக் குறிகள் எழுதியிருக்கும். 120 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம் உள்ள ஒரு சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டத்தில் அதன் பரப்பு நீள அகலப் பெருக்கத்தில் சுமார் 80 சதவீதம், அதாவது 1,536 சதுர மீட்டர். கடல்நீரின் அடர்த்தியால் பெருக்கினால், ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழ்வுக்கும் ஏறக்குறைய 16 டன். வழக்கமாகக் கிளம்புவதைவிட 1 மீட்டர் ஆழமாகக் கிளம்பினால் 1,500 டன்னுக்கு மேல் கூடுதலாக ஏற்றியிருக்கிறது. அலை தட்டும் துறைமுகத்தில் குறியை 10 சென்டிமீட்டர் தவறாகப் படித்தாலே 160 டன் பிசகும். ஆற்றுத் துறைமுகத்தில் நன்னீர் என்பதால் கப்பல் இயல்பாகவே சற்று அதிகம் அமிழும். அதைக் கழிக்காமல் எழுதிய அறிக்கை வீண். எல்லாம் சரியாகவே எடுத்தாலும், ஏறியது எத்தனை டன் என்று தெரியுமே ஒழிய, நிலக்கரியா சிமெண்டா என்று ஆழக் குறி சொல்லாது. அதற்கு நிலக்கரி வியாபாரியின் கணக்கும் படகுகளின் எண்ணிக்கையும் வேண்டும். கோணிப்பை, கூடை, மண்வாரி, கப்பல்கள் உரசாமல் தொங்கவிடும் தடித்த மெத்தைக் கட்டுகள் ஆகியவற்றை ஒரு கப்பல் மொத்தமாக வாங்கினால், அது நடுக்கடலில் இன்னொன்றுக்கு நிலக்கரி கொடுக்கப்போகிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது.

எல்லாரும் கேட்பது மறைத்துவைத்த பீரங்கி பற்றி. பல வெளிநாட்டு வணிகக் கப்பல்களில் விரைவில் பீரங்கி ஏற்ற ஏற்பாடு இருப்பதாக நம்பக் காரணம் உண்டு என்று கடற்படை அமைச்சர் சர்ச்சில் 1913 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த ஆண்டிலேயே பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களின் பின்முனையில் 4.7 அங்குலப் பீரங்கிகளைப் பொருத்தத் தொடங்கியது, 'அரகான்' முதலாவது. ஜெர்மன் கப்பல்கள் சரக்கறையிலேயே பீரங்கியைச் சுமந்து திரிகின்றன என்ற பேச்சும் பரவலாக இருந்தது. போர் வந்தபோது நடந்ததை வைத்து இதைச் சோதிக்கலாம். 'குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம்' தன் இரண்டு 8.8 செ.மீ. பீரங்கிகளை 1914 ஆகஸ்ட் 6 அன்று நடுக்கடலில் 'கார்ல்ஸ்ரூ' என்ற க்ரூசரிடமிருந்து பெற்றது. பிரிட்டிஷ் க்ரூசர் 'சஃபோக்' வந்துவிட்டதால் அந்த வேலையே பாதியில் கலைந்தது. 'கேப் டிரஃபால்கர்' பிரேசிலுக்கு அப்பால் டிரின்டேட் தீவில் 'ஈபர்' என்ற சிறு பீரங்கிப் படகிடமிருந்து பெற்றது. 'பிரின்ஸ் ஐடெல் ஃபிரீட்ரிஷ்' சீனக் கடற்கரையில் ட்சிங்தாவ் துறைமுகத்தில் பழைய பீரங்கிப் படகுகளின் ஆயுதங்களை எடுத்து ஏற்றிக்கொண்டது. கைசர் வில்ஹெல்ம் டெர் குரோசே ஜெர்மனியிலேயே ஆறு 10.5 செ.மீ. பீரங்கிகளோடு தயாராகிக் கிளம்பியது. வணிகக் கப்பல்களை வேட்டையாடப் போன இந்த நான்கில் எதுவும் தன் சரக்கறையைத் திறந்து பீரங்கி எடுக்கவில்லை. ஆகவே தளம் வலுப்படுத்தப்பட்டிருந்தது, திட்டம் இருந்தது என்பவை உறுதி. சரக்கறைப் பீரங்கி என்பது பெரும்பாலும் அச்சத்தின் கற்பனை.

நியூயார்க் துறைமுகத்தில் ஆகஸ்ட் 3 மாலை குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் கிளம்பியபோது, வெளிக்கண்ணுக்குத் தெரிந்த ஒரே தடயம், அது வழக்கத்துக்கு மீறி நிலக்கரியும் உணவும் ஏற்றியதும் பயணிகள் இல்லாமல் போனதும்தான். அந்தத் தடயம் சரியாகவே பேசியது. எட்டு மாதம் கடலில் சுற்றிப் பதினைந்து கப்பல்களைப் பிடித்த பிறகு, மாலுமிகள் சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயால் விழ, 1915 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் துறைமுகத்தில் சரணடைந்தது. மற்ற பெரிய கப்பல்களின் கதை இதைவிடக் குறுகியது. கைசர் வில்ஹெல்ம் டெர் குரோசே முழு வேகத்தில் நாளொன்றுக்குச் சுமார் 500 டன் நிலக்கரி தின்னும். ஆப்பிரிக்கக் கரையில் ரியோ டி ஓரோவில் நின்று நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஆகஸ்ட் 26 அன்று 'ஹைஃபிளையர்' என்ற பிரிட்டிஷ் க்ரூசர் வந்து அதை மடக்கியது. கேப் டிரஃபால்கரும் செப்டம்பர் 14 அன்று நிலக்கரி ஏற்றும் இடத்திலேயே பிடிபட்டு, 'கார்மேனியா' என்ற, பீரங்கி ஏற்றிய பிரிட்டிஷ் பயணிகள் கப்பலோடு போரிட்டு மூழ்கியது. கேப் டிரஃபால்கர் தன் மூன்றாவது புகைபோக்கியைக் கழற்றிவிட்டு கார்மேனியா போல வேடமிட்டிருந்தது. கார்மேனியாவும் பதிலுக்கு அதன் வேடத்தில் இருந்தது என்பது கட்டுக்கதை.

இங்கேதான் முன்கணிப்பின் குறை தெரிகிறது. பல ஆண்டுகள் வேகத்தை அளந்தார்கள். வேகம் கூடக் கூடச் செலவு பாய்ச்சலில் ஏறும் என்பது பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த விதி: வேகத்தைப் பாதியாக்கினால் உந்துதலுக்கான மணிக்கணக்குச் செலவு எட்டில் ஒரு பங்காகும், மைல் கணக்கில் நான்கில் ஒரு பங்காகும். விளக்கு, பம்பு, குளிர்பதனம் ஆகியவற்றின் செலவு குறையாததால் நடைமுறையில் இவ்வளவு லாபம் வராது என்றாலும் போக்கு அதுதான். நடுநிலைத் துறைமுகத்தில் போர்க்கப்பல் தன் நாட்டின் அருகிலுள்ள துறைமுகத்தை அடையும் அளவுக்கே எரிபொருள் வாங்கலாம், மூன்று மாதத்துக்குள் அதே நாட்டில் மீண்டும் வாங்கக் கூடாது என்று 1907-இன் இன்னொரு ஹேக் ஒப்பந்தம் கட்டியிருந்தது. ஆகவே வேட்டைக் கப்பலின் உயிர் அதன் பீரங்கியிலோ வேகத்திலோ இல்லை, பின்னால் வரும் அழுக்கு நிலக்கரிக் கப்பலில் இருந்தது. ஜெர்மன் கடற்படை 'எடாப்பன்' என்ற பெயரில் உலகத் துறைமுகங்களில் கப்பல் ஏஜென்ட்கள், அதிகாரிகள் வழியாக இதற்கான விநியோக வலையை அமைத்திருந்தது. நியூயார்க்கில் பொய்யான பயண ஆவணம் கொடுத்து இப்படிக் கப்பல்களை அனுப்பியதற்காக ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவன அதிகாரிகள் 1915 டிசம்பரில் தண்டிக்கப்பட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்த கதையின் மறுபக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் பர்மா ஆயில் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் க்ரூசர் எம்டனை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதன் பின்னால் ட்சிங்தாவிலிருந்தே வந்த 'மார்க்கோமேனியா'வை யாரும் பேசுவதில்லை. அது ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் சாதாரணச் சரக்குக் கப்பல். எம்டனின் நிலக்கரி அறைகள் சில நூறு டன்தான் கொள்ளும். மார்க்கோமேனியா இல்லாமல் வங்காள விரிகுடாவரை வந்திருக்கவே முடியாது. பிறகு எம்டன் பிடித்த 'பியூரெஸ்க்' கப்பலில் ஹாங்காங்குக்குப் போய்க்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான டன் கார்டிஃப் நிலக்கரி கிடைத்தது. அது புகை குறைவாக விடும் உயர்ந்த ரகம், பிரிட்டிஷ் கடற்படைக்கென்றே போனது. போலிப் புகைபோக்கி ஒன்றை வைத்து எம்டன் நான்கு புகைபோக்கிக் கப்பலாகத் தெரிந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகைபோக்கியை எண்ணி அடையாளம் காண்பது எவ்வளவு பலவீனமானது என்று புரியும்.

யாரும் பார்க்காத கப்பலும் ஒன்று இருந்தது. 'கோனிகின் லூயிசே' ஹாம்பர்க்கிலிருந்து ஹெலிகோலாந்து தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் சிறு கப்பல், 2,200 டன்னுக்கும் குறைவு. நீண்ட கடலோட்டத்துக்கு ஆகாததால் எந்த அபாயப் பட்டியலிலும் அது பெரிதாக நின்றிருக்க வாய்ப்பில்லை. அவசர அவசரமாகக் கண்ணிவெடி ஏற்றி, ஹார்விச் தடத்தில் ஓடும் பிரிட்டிஷ் படகுகளின் வண்ணம் பூசி, ஆகஸ்ட் 5 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் விதைத்தது. அன்றே அதை மூழ்கடித்துவிட்டார்கள். மறுநாள் 'ஆம்ஃபியன்' என்ற பிரிட்டிஷ் க்ரூசர் அந்தக் கண்ணிவெடியில் போயிற்று.

அப்படியானால் பயன்? உண்டு, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. போர் தொடங்கியபோது எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் என்ற பட்டியல் இருந்ததால், வெளியேறும் வாய்களில் க்ரூசர்களை நிறுத்த முடிந்தது. 54,000 டன் 'வாட்டர்லான்ட்' உட்பட ஏராளமான ஜெர்மன் கப்பல்கள் நடுநிலைத் துறைமுகங்களிலேயே முடங்கின. இதில் கண்காணிப்பின் பங்கு எவ்வளவு, வானொலியில் ஜெர்மனியே விடுத்த 'ஒதுங்குங்கள்' என்ற எச்சரிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஜெர்மனி பாடம் கற்றது மட்டும் நிச்சயம். 1916-இல் அது அனுப்பிய வேட்டைக் கப்பலான 'வோல்ஃப்', இந்தியத் தடத்தில் ஓடிய ஹான்சா நிறுவனத்தின் 'வாஹ்ட்ஃபெல்ஸ்' என்ற சரக்குக் கப்பல்; வேகம் பத்து நாட் சொச்சம். பழைய அளவுகோலில் பூஜ்யம் வாங்கும் கப்பல். ஆனால் 451 நாள் கடலில் இருந்து, பம்பாய்க்கும் கொழும்புக்கும் வெளியே கண்ணிவெடி போட்டுவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பியது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் இதே நாடகம் சிறிய மாற்றங்களோடு நடந்தது. பாய்மரம், டெரிக் கம்பம், புகைபோக்கி ஆகியவற்றை முன்னிருந்து பின்னாக வரிசையாகப் படித்து எழுத்துக் குறியாக்கி, சரக்குக் கப்பலை அடையாளம் காணும் முறை வந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியில் 1937-இல் தொடங்கிய செயற்பாட்டு உளவு மையம் வானொலித் திசையறிதலையும் (சமிக்ஞை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டறிவது) கப்பல் பட்டியலையும் ஒரே மேசையில் சேர்த்தது. 1939 ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில் 'பிரேமன்' கப்பலை அமெரிக்க அதிகாரிகள் இரண்டு நாள் நிறுத்தி ஆயுதம் இருக்கிறதா என்று தேடினார்கள், எதுவும் இல்லை. அதே மாதம் டெக்சாஸின் போர்ட் ஆர்தரில் 'ஆல்ட்மார்க்' அமைதியாக டீசல் நிரப்பிக்கொண்டு போனது; அது 'கிராஃப் ஷ்பே' போர்க்கப்பலுக்கான எரிபொருள். அடுத்த ஆண்டு இந்தியப் பெருங்கடலைக் கலக்கிய ஜெர்மன் வேட்டைக் கப்பல் 'அட்லாண்டிஸ்', மீண்டும் ஹான்சா நிறுவனத்தின் சரக்குக் கப்பல்தான், 'கோல்டன்ஃபெல்ஸ்'.

கடைசியாக, ஒற்றுவேலையா என்ற கேள்வி. பொதுத் துறைமுகத்தில் நின்று கப்பலின் ஆழக் குறியைப் படிப்பதோ, அனுமதியோடு மேல்தளத்தில் நடந்து பலகையைப் பார்ப்பதோ குற்றம் அல்ல. ஜெர்மன் ஏஜென்ட்களும் பிரிட்டிஷ் கப்பல்களை இப்படியே பார்த்தார்கள். கோட்டைகளையும் கடற்படைத் தளங்களையும் படமெடுப்பது வேறு. 1910 ஆகஸ்டில் ஜெர்மனியின் 'போர்கும்' (Borkum) தீவுப் பக்கம் பிடிபட்ட பிராண்டன், டிரெஞ்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு லைப்சிக் நீதிமன்றம் நான்கு ஆண்டு கோட்டைச் சிறை விதித்தது இதற்காகத்தான். 1913-இல் ஜெர்மன் பேரரசர் கைசர் மன்னித்து விடுவித்தார். அவர்கள் தேடியது கரையோரப் பாதுகாப்பு பற்றிய விவரங்களை. வணிகக் கப்பல் கண்காணிப்போடு அந்த வழக்கைச் சேர்த்துப் பேசுவது சரியல்ல.